ஓராண்டுக் கெடு

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் கப்பலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கங்காணியைப் பற்றியும் பால்மரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். சயாம் மரண ரயிலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள் உண்டு. மக்கள் நாவில் அது 'சூராட் பெரானாக்'. ஏட்டுத் தமிழில் பிறப்புச் சான்றிதழ். அந்தத் தாளின் வரலாற்றை எழுதியவர்கள் மிகச் சிலரே. ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு இந்தத் தாள் புதியதன்று. பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், தாய் தந்தையரின் குடிமை ஆகியவற்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் இந்நாட்டு ஊரின் பெயர் இல்லாதபோதுதான் நம் எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்திற்குப் பின்னால் நூறாண்டுக் கதை ஒன்று உண்டு.

கதையின் தொடக்கம் சற்று வியப்பானது. இந்த நாட்டில் 'வெளிநாட்டில் பிறந்த குழந்தை' என்று சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றிய முதல் தமிழ்க் குழந்தைகள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்தாம். சென்னை மாகாணத்தில் பிறந்த தொழிலாளி பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறந்தவன். ஆகையால் அவன் பிரிட்டிஷ் பிரஜை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் அவனுக்குப் பிறந்த குழந்தையும் அவ்வாறே. ஆனால் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், ஜொகூர், கெடா ஆகியவை பிரிட்டிஷ் முடியின் உடைமைகள் அல்ல, மலாய் ஆட்சியாளர்களின் நாடுகள், பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தவை. கிளந்தான் சுல்தான் ஒரு தனியரசர் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையே 1924-இல் தீர்ப்பளித்தது. அப்படியானால் சுங்கை சிப்புட்டிலோ தாப்பாவிலோ ஒரு தோட்ட லயத்தில் பிறந்த தமிழ்க் குழந்தை, சட்டப்படி அயல்நாட்டில் பிறந்த குழந்தையே ஆகும். அக்குழந்தை பிரிட்டிஷ் பிரஜையாவது தந்தையின் வழியாகத்தான். பிறந்த மண்ணின் வழியாக அன்று.

1914-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடிமைச் சட்டம், பிரிட்டிஷ் மண்ணில் பிறந்த தந்தைக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையைப் பிரஜையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தலைமுறையோடு நிறுத்திக்கொண்டது. 1922-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. தந்தையும் வெளிநாட்டிலேயே பிறந்தவனாக இருந்தாலும், குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் பிரிட்டிஷ் துணைத்தூதரகம் ஒன்றில் அப்பிறப்பைப் பதிவு செய்தால் அக்குழந்தையும் பிரஜையாகலாம் என்று அத்திருத்தம் கூறியது. இந்த 'ஓராண்டு' என்ற சொல்லை மாணவர்கள் நினைவில் இருத்திக்கொள்ளவேண்டும். வெள்ளையர் போன பின்னும் அது போகவில்லை. இந்தியாவின் சட்டத்திலும், மலாயாவின் அரசியலமைப்பிலும், சிங்கப்பூரின் அரசியலமைப்பிலும் அது குடியேறி அமர்ந்துகொண்டது.

அன்றைய தோட்டத் தமிழனுக்கு இவை எதுவும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் தங்கி, அம்மை குத்திக்கொண்டு, கப்பலேறி வந்தவன் அவன். இங்கே பிள்ளை பிறந்தால் தோட்டத்து மருத்துவமனை 'டிரசர்' எழுதிக்கொள்வார். கிராணி கணக்கில் சேர்ப்பார். பதிவுச் சீட்டு என்று ஒன்று கையில் கிடைத்தால் அதைத் தகரப் பெட்டியின் அடியில், கலியாணப் புடவையின் மடிப்பில் வைப்பார்கள். கறையான் அரித்தது போக, ஜப்பானியர் காலத்து ஓட்டத்தில் தொலைந்தது போக எஞ்சியதே மிச்சம். 1931-இல் இங்கிருந்த இந்தியருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இம்மண்ணில் பிறந்தவர். 1947-இல் அது ஏறத்தாழ பாதியாயிற்று. 1957-இல் மூன்றில் இரு பங்கை நெருங்கிற்று. பிறந்தவர்களின் தொகை பெருகிய வேகத்தில் சீட்டுகளின் தொகை பெருகவில்லை.

சீட்டுக்கு உயிர் வந்தது 1948-இல்தான். அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு உருவாயிற்று. ஜூன் திங்களில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதனையொட்டிப் பன்னிரண்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் அடையாள அட்டை எடுக்கவேண்டும் என்ற ஆணை வந்தது. கூட்டரசு ஒப்பந்தத்தின்படி, தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது பதினைந்தாண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் இங்கே பிறந்த இந்தியப் பிள்ளை தானாகக் குடிமகனாகும். மற்றவர்கள் விண்ணப்பிக்கவேண்டும்: இங்கே பிறந்தவராயின் முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளும், வெளியில் பிறந்தவராயின் முந்திய இருபது ஆண்டுகளில் பதினைந்து ஆண்டுகளும் இங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்கவேண்டும். எதனைக் கொண்டு மெய்ப்பிப்பது? தாளைக் கொண்டுதான். லயத்துக் கதவில் சுண்ணாம்பால் எழுதிய எண்ணைச் சாட்சியாகக் கொண்டுபோக முடியுமா?

அதே வேளையில் அக்கரையில் இன்னொரு கதவு திறந்தது. இந்திய அரசியலமைப்பின் எட்டாம் உறுப்பு, தானோ தன் பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிவு செய்துகொண்டு இந்தியக் குடிமகனாகலாம் என்றது. 1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1950 ஜனவரி 26-க்குப் பின் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை வழியாகக் குடியுரிமை தந்தது. தந்தையே வம்சாவளியால் மட்டும் குடிமகனாயிருந்தால் ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்யவேண்டும். அதே பழைய கெடுதான். இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தமையால் நம்மவர் பலர் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டனர். வாழும் நாட்டோடு ஒன்றிவிடுங்கள், இரண்டு நாட்டு உரிமைகளையும் ஒருசேர எதிர்பார்க்காதீர்கள் என்று நேரு கூறிய அறிவுரை, பத்திரிகை படித்தவர்களின் காதுக்குத்தான் எட்டியது. பத்திரிகை படிக்காதவனுக்குக் கங்காணி சொன்னதே செய்தி. 'பேர் பதிஞ்சா ஊருக்குப் போக விடமாட்டானாம்' என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தி எத்தனையோ குடும்பங்களின் விண்ணப்பத்தைத் தடுத்தது என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1957 ஆகஸ்டு 31. அன்று முதல், அரசதந்திரிகளின் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, இந்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் குடிமகன் என்று அரசியலமைப்பு சொல்லிற்று. பெற்றோர் யார், எந்தச் சீட்டு வைத்திருக்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. இந்தத் தாராளம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை. 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், பிறக்கும்போது பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்றாயிற்று. வயது வந்து, மெர்டேக்கா நாளில் இங்கே வாழ்ந்துகொண்டிருந்த வெளிப்பிறப்பாளர்கள், முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் தங்கியிருந்தால், எளிய மலாய்மொழி அறிவைக் காட்டிப் பதிவு பெறலாம். நாற்பத்தைந்து வயது கடந்தவர்கள் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழித் தேர்வும் இல்லை. இவற்றையெல்லாம் நம் வரலாற்று நூல்கள் ஓரளவு சொல்லியிருக்கின்றன. நூல்கள் சொல்லாமல் விட்டது, கடல் கடந்து நிகழ்ந்த பிறப்புகளைப் பற்றியதாகும்.

தலைப்பேறு தாய்வீட்டில் என்பது தமிழர் மரபு. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்புச் செய்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அந்தத் தாய்வீடு அடுத்த தோட்டத்தில் இருந்தால் சிக்கலில்லை. தஞ்சை மாவட்டத்திலோ புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ இருந்தால்? ரஜூலா கப்பல் இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் அது நம்மவரை ஏற்றி இறக்கிற்று. மூட்டை முடிச்சோடும் கருவோடும் கப்பலேறிய பெண் ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பினாங்குத் துறையில் இறங்குவாள். அவள் இடுப்பிலிருந்த அந்தப் பிள்ளைக்கு அரசியலமைப்பு என்ன சொல்லிற்று?

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகக் குடியுரிமை உண்டு என்றது. ஆனால் அதற்குள்ளே ஒரு வகைப்பாடு இருந்தது. தந்தை குடிமகனாகவும் இந்நாட்டில் பிறந்தவராகவும் இருந்தால், அல்லது கூட்டரசு, மாநில அரசுச் சேவையில் இருந்தால், பிள்ளை தானாகவே குடிமகன். தந்தை குடிமகனே ஆயினும் வேற்றுநாட்டில் பிறந்தவராக இருந்தால், ஓராண்டுக்குள், அல்லது அரசாங்கம் இணங்கும் நீண்ட காலத்துக்குள், இந்நாட்டுத் தூதரகத்தில் அப்பிறப்பைப் பதிவு செய்தால்தான் பிள்ளை குடிமகன். இதன் பொருள் என்ன? இரு தொழிலாளிகள் ஒரே தோட்டத்தில், ஒரே நிரையில் பால் வெட்டுகிறார்கள். இருவரும் நீல அட்டைக்காரர்கள். இருவரின் மனைவியரும் ஒரே கப்பலில் போய் ஒரே ஊரில் பிள்ளை பெறுகிறார்கள். ஒருவன் கோலக்கங்சாரில் பிறந்தவன். மற்றவன் மன்னார்குடியில் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்தவன். முதலாமவனின் பிள்ளை குடிமகன். இரண்டாமவனின் பிள்ளை, எவரும் ஒரு பாரத்தை நிரப்பாத காரணத்தால், அந்நியன்.

என் மூத்த அக்காள் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். எங்கள் தந்தையார் தமிழ்நாட்டில் பிறந்து சிறு வயதிலேயே இங்கு வந்தவர். 1958-இல் பதிவு பெற்றுக் குடிமகனானார். 1959-இன் பிற்பகுதியில் அம்மா கப்பலேறினார். 1960-ஆம் ஆண்டு தைத் திங்களில் அக்காள் பிறந்தார். அம்மா திரும்பி வந்தது 1962-இல். அப்போதே கெடு கடந்து ஓராண்டாகிவிட்டது. அப்படி ஒரு கெடு இருக்கிறது என்பது எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. நாகப்பட்டினத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிள்ளை பெற்ற பெண், எந்த ஊரிலுள்ள எந்தத் தூதரகத்தைத் தேடிப் போவாள்? தீட்டுக் கழியவே நாற்பது நாள்.

அக்காளுக்குப் பின் பிறந்த நாங்கள் நால்வரும் தோட்டத்து மருத்துவமனையில் பிறந்தோம். பன்னிரண்டு வயது ஆனதும் 1972-இல் அக்காள் கையில் சிவப்பு அட்டை வந்தது. எங்களுக்கு, முறை வந்தபோது, நீல அட்டைகள் வந்தன. வீட்டில் ஒரு தகரப் பெட்டி. அதனுள் ஆறு நீல அட்டைகளும் ஒரு சிவப்பு அட்டையும் இருந்தன என்று எழுதலாமென்றால், அதுவும் பிழையாகும். அம்மாவின் அட்டையும் சிவப்பே. அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அக்காள் கவலைப்பட்டார். பள்ளியில் உதவிச் சம்பளத்துக்குப் பெயர் கேட்கும்போது குடிமை என்ற கட்டம் வந்தது. தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்தபோதும் வந்தது.

அரசியலமைப்பின் பதினைந்தாம் உறுப்பில் ஒரு வழி இருந்தது. இன்றும் பலருக்கு உதவுவது அதுவே. பெற்றோருள் ஒருவர் குடிமகனாயின், இருபத்தொரு வயதுக்குட்பட்ட பிள்ளையை அரசாங்கம் பதிவு செய்து குடிமகனாக்கலாம். 'ஆக்கவேண்டும்' என்று அதில் இல்லை. 'ஆக்கலாம்' என்றே இருக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் ஏவலுக்கும் வியங்கோளுக்கும் வேறுபாடு கற்பிக்கும்போது, இந்த 'லாம்' என்ற விகுதியைச் சற்று நிறுத்திச் சொன்னால் நலம். எத்தனையோ பேருடைய இளமை அந்த விகுதியில் தொங்கியிருக்கிறது.

தந்தையார் 1973-இல் விண்ணப்பித்தார். ஊரிலிருந்து பிறப்புப் பதிவின் நகலைக் கேட்டார்கள். மாமா தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அன்று பிறப்பு இறப்புக் கணக்கை வைத்திருந்தவர் ஊர் முன்சீப். பிள்ளை பிறந்த செய்தி எட்டிய நாளில் எழுதுவார். அப்போது பெயர் வைத்திருக்கமாட்டார்கள். ஆகவே நகலில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. 'பெண்' என்று மட்டும் இருந்தது. தந்தையின் பெயரோ ஆங்கில எழுத்தில் நகலில் ஒருவிதமாகவும் அட்டையில் ஒருவிதமாகவும் இருந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது ழகரமும் றகரமும் படும் பாட்டை நாமறிவோம். ஆனால் அது ஒரு பெண்ணின் குடியுரிமையைத் தடுக்கும் என்று எந்த இலக்கண நூலும் எச்சரிக்கவில்லை. இருவரும் ஒருவரே என்று ஆணையர் முன் சத்தியப் பிரமாணம் செய்து அனுப்பினோம். பிறகு பெற்றோரின் திருமணச் சான்றிதழைக் கேட்டார்கள். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டிய திருமணத்துக்கு ஏது சான்றிதழ்? அதற்கும் ஒரு பிரமாணம். இவ்வாறு ஒரு தாளுக்கு மற்றொரு தாள் சாட்சி சொல்ல, அதற்கு இன்னொரு தாள் சாட்சி சொல்ல, 1981 பிறந்தது. அக்காளுக்கு இருபத்தொரு வயது நிறைந்துவிட்டது. உரிய வயது கடந்தமையால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எட்டாண்டுகள் கோப்பை வைத்திருந்தவர்கள் அவர்களே. தந்தையார் அந்தக் கடிதத்தை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் வெட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார்.

1983-இல் அக்காளுக்குத் திருமணமாயிற்று. மாப்பிள்ளை குடிமகன். குடிமகனின் மனைவி பதிவு பெறலாம் என்று அதே பதினைந்தாம் உறுப்பின் முதற்பகுதி கூறுகிறது. 1988-இல் அக்காளுக்கு நீல அட்டை கிடைத்தது. தம் தந்தையின் மகளாக நின்று கேட்டபோது கிடைக்காதது, ஒருவரின் மனைவியாக நின்று கேட்டபோது கிடைத்தது. இதே சட்டம், குடிமகளின் கணவருக்கு அத்தகைய வழி எதனையும் வைக்கவில்லை என்பதையும் ஈண்டுச் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும்.

எதிர்த்திசையில் போனவர்களையும் வரலாறு மறத்தலாகாது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற நிலை 1969-இல் வந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேறித் திரும்பினர். அவர்களோடு போன பிள்ளைகளுள் மெர்டேக்காவுக்கும் 1962-க்கும் இடையில் பிறந்தவர்கள் சட்டப்படி இந்நாட்டுக் குடிமக்கள்; சிவப்பு அட்டைப் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு போன நீல உரிமைக்காரர்கள். அந்த உரிமை எழுதப்பட்டிருந்த சூராட் பெரானாக்கை எத்தனை பேர் பத்திரமாக எடுத்துப் போனார்களோ!

அப்பன் பெயரால் கிடைப்பது, அம்மாள் பெயரால் ஏன் கிடைக்கக்கூடாது என்ற கேள்வி பின்னர் எழுந்தது. இந்தியா 1992-இல் தன் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை தந்தது. ஆனால் 2004 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம், வெளிநாட்டில் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமே ஓராண்டுக்குள் தூதரகப் பதிவு வேண்டும் என்று விதித்தது. வேறு நாட்டுக் கடப்பிதழ் பிள்ளையிடம் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தரவேண்டும். சிங்கப்பூர் 2004 மே 15 முதல் தாய் வழியையும் ஏற்றது. அங்கே வம்சாவளிக் குடிமகன் இருபத்திரண்டு வயதுக்குள் விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும் என்ற விதியும் உண்டு.

மலேசியாவில் தந்தை என்ற சொல் அசையாமல் இருந்தது. ஒரே ஒரு விலக்குண்டு. அதனைப் படிக்கும்தோறும் எனக்குச் சிரிப்பு வரும். அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, சிங்கப்பூரில் பிறக்கும் பிள்ளைக்கு மட்டும் பெற்றோருள் எவரேனும் ஒருவர் குடிமகனாயிருந்தால் போதும் என்கிறது. அப்பிள்ளை வேறு வகையில் குடிமகனாகப் பிறந்திருக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. ஆகவே நம் பெண்ணொருத்தி ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து பிள்ளை பெற்றால் ஒரு நியாயம்; சென்னையிலோ இலண்டனிலோ பெற்றால் வேறு நியாயம்!

தந்தை வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. நம்மவர் பலர் அதில் விழுந்திருக்கிறார்கள். சட்டப்படியான திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளையைப் பொறுத்தவரை, 'தந்தை' என்ற சொல்லைத் 'தாய்' என்று படிக்கவேண்டும் என்கிறது அதே அட்டவணை. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த பின், கோவிலில் கட்டிய தாலி மட்டும் சட்டத்துக்குப் போதாது, பதிவு வேண்டும். மனைவி வேற்று நாட்டவராயிருந்து, பதிவைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டவர்களின் பிள்ளைகள் தாயின் நாட்டைச் சேர்ந்தவர்களாகிவிட்டார்கள். 2021 மே திங்களில் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. பிலிப்பைன்ஸில் பிறந்த சிறுவன், தந்தை மலேசியர், தாய் அந்நாட்டவர், பெற்றோரின் திருமணம் அவன் பிறந்து ஐந்து மாதங்களுக்குப் பின் நடந்தது. நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் அவன் குடிமகனல்லன் என்று தீர்ப்பாயிற்று. ஏழு நீதிபதிகளுள் மூவர் மாறுபட்டார்கள் என்பதிலிருந்தே சட்டத்தின் சொற்கள் எவ்வளவு இடம் தருகின்றன என்பதை மாணவர்கள் உணரலாம்.

அதே ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள் தொடுத்த வழக்கில், 'தந்தை' என்பதைத் தாயையும் உள்ளடக்கியே படிக்கவேண்டும் என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதனைத் தள்ளியது. அரசியலமைப்பைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றாயிற்று. 2024 அக்டோபர் 17-ஆம் நாள் மக்களவை அத்திருத்தத்தை நிறைவேற்றியது. மேலவை டிசம்பரில் ஏற்றது. பெற்றோருள் ஒருவரேனும் என்ற சொல் உள்ளே வந்தது. ஒரு கையால் கொடுத்ததோடு மறு கையால் ஒன்றை எடுத்ததையும் ஆசிரியர்கள் கவனித்திருப்பார்கள். இந்நாட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோருள் ஒருவர் நிரந்தரவாசியாயிருந்தால் போதும் என்று 1962 முதல் இருந்ததே, அந்த வழி அதே திருத்தத்தில் நீக்கப்பட்டது. சிவப்பு அட்டை இன்னும் சில தமிழ் வீடுகளில் இருக்கிறது. பதினைந்தாம் உறுப்பின் வயது வரம்பும் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. எங்கள் அக்காளின் கோப்பு எட்டாண்டுகள் கிடந்ததை நினைக்கும்போது, குறைந்த அந்த மூன்றாண்டுகள் எனக்குச் சிறியனவாகத் தோன்றவில்லை.

அண்மையில் முதலாம் ஆண்டுப் பதிவுக்கு ஓர் இளந்தாய் வந்தார். இவ்வூர்ப் பெண்; சென்னையில் பொறியியலாளராக வேலை பார்க்கும் ஒருவரை மணந்து சில காலம் அங்கே வாழ்ந்தவர். பிள்ளை அங்கே பிறந்தது. இப்போது பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் வழக்கம் திசை மாறிவிட்டது. கிருமிப் பரவல் காலத்தில் விமானம் இல்லாததால் இவரால் இங்கே வரமுடியாமற் போயிற்று. பையன் கையில் இந்தியக் கடப்பிதழ் இருந்தது. "ஐயா, சட்டத்தை மாத்திட்டாங்கன்னு சொன்னாங்களே, எம்பிள்ளைக்கு உண்டுங்களா?" என்று கேட்டார். திருத்தம் நடப்புக்கு வரும் நாளுக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு அது செல்லாது என்பதைச் சொல்லவேண்டியிருந்தது. அவர் தலை கவிழ்ந்தது. பதினைந்தாம் உறுப்பின் வழி இருக்கிறது, பையனுக்கு வயதும் நிறைய இருக்கிறது, ஆனால் 'லாம்' என்ற விகுதியை நம்பிக் காத்திருக்கவேண்டாம், இந்தக் கிழமையே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள் என்றேன்.

கொண்டு வந்திருந்த உறையைப் பிரித்து மேசைமேல் பரப்பினோம். சென்னை மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பெயர்க் கட்டத்தில் பையனின் பெயர் இருந்தது. திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தது. பதிவு, பையன் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முந்தியது. தாயின் அடையாள அட்டையிலும் சான்றிதழிலும் அவர் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக் கூடுதலாக இருந்தது. பையன் நாற்காலியின் மேல் முழங்காலிட்டுக்கொண்டு, அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டான். அம்மா சொல்லிக் கொடுத்தார். நான் மறுநாள் சத்தியப் பிரமாண ஆணையரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டை எடுத்து அவன் பெயரை எழுதத் தொடங்கினேன்.